மலைப்பயணமும் விசுவாச வாழ்க்கையும்: "பின்னால யாரு வந்தாங்க?"

காட்பாடி_வாலிபன்
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மூன்று வாரமாக மனசை அறுத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து 19 பேர் ஏலகிரிக்குப் போனோம். காலையில் காட்பாடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, வேன் பிடித்து, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தோம். மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடை. உச்சி 4,300 அடிக்குப் பக்கம். பெரிய ஏற்றம் என்று சொல்ல முடியாது, ஆனால் பழகாத காலுக்கு மூச்சு வாங்கும். கிளம்பும்போது 121ஆம் சங்கீதம் வாசித்து ஜெபித்தோம். "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்ற வரியை எல்லாரையும் இரண்டு தடவை சொல்ல வைத்தேன்.

நான்தான் பொறுப்பாளர். எல்லாருக்கும் முன்னால் நடந்தேன். பாட்டை எடுத்துக்கொடுத்ததும் நான்தான். பின்னாலிருந்து கோரஸ் சத்தம் வரும்வரை எல்லாரும் வருகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டேன். உச்சியில் நின்று தலையை எண்ணினால் 18.

பிளஸ் டூ முடித்த ஒரு தங்கை. அக்காவின் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், அளவு சரியில்லை. பாதி வழியிலேயே குதிகாலில் கொப்புளம். "இதோ வந்துடறேன்" என்று பக்கத்தில் போனவர்களிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து நடந்தபோது மாடு போகிற தடத்தில் திரும்பிவிட்டாள். போனில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அவளைப் பார்த்திருக்கிறார். நிழலில் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, தலையில் கட்டியிருந்த துணியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, நனைத்து, குதிகாலில் கட்டியிருக்கிறார். அப்புறம் ஒரு குச்சியை ஊன்றக் கொடுத்து, மெல்ல மெல்ல பாதை பிரியும் இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். நான் மேலேயிருந்து ஓடி வந்தபோது அங்கேதான் பார்த்தேன்.

நான் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, சொல்ல வேண்டியதுதானே?"

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவள ஏம்பா கேக்குற? பின்னால யாரு வந்தாங்க?"

என்னிடம் பதில் இல்லை. 200 ரூபாய் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

மலைக்கோ, ஆற்றோரமோ, சைக்கிளிலோ, நடந்தோ போன இடத்தில் உங்கள் விசுவாசத்தைத் திருத்திய ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். சாட்சிக் கூட்டத்தில் சொல்வதற்கு நன்றாக இருக்கும் விஷயம் வேண்டாம். திங்கள்கிழமைக்கு உதவுகிற விஷயம் வேண்டும்.

ஆம்பூர்_வாத்தியார்
ஞாயிறு, இரவு 10.25

தம்பி, எழுதியதற்கு முதலில் நன்றி. பலபேர் இதை மூடி மறைத்துவிட்டு, குரூப் போட்டோவை மட்டும் போட்டிருப்பார்கள்.

ஆதியாகமம் 33ஐ எடுத்துப் பாருங்கள். இருபது வருஷத்துக்கு அப்புறம் ஏசாவும் யாக்கோபும் சந்திக்கிறார்கள். வா, சேர்ந்தே போகலாம் என்கிறான் ஏசா. அவனோடு நானூறு பேர், எல்லாரும் வேகமாக நடக்கக்கூடிய ஆட்கள். யாக்கோபு என்ன சொல்கிறான்? பிள்ளைகள் இளசு, கறவை ஆடுமாடு இருக்கிறது, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நீங்கள் முன்னே போங்கள், நான் பிள்ளைகளின் நடைக்கும் மந்தையின் நடைக்கும் தக்கபடி மெதுவாக வருகிறேன் என்கிறான். அண்ணனோடு போகாமலிருக்க அவன் சொன்ன சாக்கு என்றும் இதை வாசிப்பார்கள். இருக்கட்டும். மந்தையோடு இருபது வருஷம் வெயிலில் நடந்தவன் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வரும்.

இன்னொரு இடம் உபாகமம் 25. எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரை அமலேக்கு எங்கே தாக்கினான்? முன்னணியிலே இல்லை. களைத்துப்போய்ப் பின்தங்கி வந்தவர்களைத் தாக்கினான். கர்த்தர் அதை மறக்கவே கூடாது என்கிறார். வரிசையின் பின்பக்கத்தில் நடப்பதை அவர் எவ்வளவு கவனிக்கிறார் என்று பாருங்கள்.

ஏசாயா 52:12இல் அவரே இரண்டு பக்கமும் நிற்கிறார். "கர்த்தர் உங்கள் முன்னே போவார்" என்பதை நம் சபைகளில் வாகன ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறோம். அதே வசனம், இஸ்ரவேலின் தேவன் உங்கள் பிறகே காக்கிறவராயிருப்பார் என்று முடிகிறது. அதை ஒட்டியிருக்கிற வண்டியை நான் பார்த்ததில்லை.

நேர்வழி
திங்கள், காலை 6.50

பிரதர், உங்களை நீங்களே ரொம்ப வருத்திக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 19 பேரில் ஒவ்வொருவர் ஷூவையும் பொறுப்பாளர் பார்க்க முடியுமா? அளவில்லாத ஷூவைப் போட்டது அந்தப் பிள்ளை. வலியை மறைத்ததும் அந்தப் பிள்ளை. கலாத்தியர் 6:5 தெளிவாக இருக்கிறது: "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே." இன்றைக்குச் சபைகளில் எல்லாவற்றுக்கும் தலைவர்களையே குற்றம் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. விசுவாச வாழ்க்கையில் ஒவ்வொருவரும் தன் காலில் நிற்கப் பழக வேண்டும். மலை கற்றுத்தருவதும் அதைத்தான்.

வேதபாடம்_வாணியம்பாடி
திங்கள், காலை 8.15

நேர்வழி பிரதர், அதே அதிகாரத்தில் மூன்று வசனம் மேலே போங்கள். 6:2. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, இப்படியே கிறிஸ்துவினுடைய பிரமாணத்தை நிறைவேற்றுங்கள்." தமிழில் இரண்டு இடத்திலும் பாரம் என்றே இருப்பதால் பவுல் தன்னையே மறுத்துப் பேசுவது போலத் தெரிகிறது. கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல். 6:2இல் 'பாரோஸ்', ஆளை அமுக்குகிற கனம். 6:5இல் 'ஃபோர்ட்டியோன்', ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போகிற அவனவன் மூட்டை.

மலையேறினவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவரவர் பையை அவரவர் தூக்க வேண்டும், அது நியாயம். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ, அதை அடுத்தவன் முதுகில் ஏற்ற எனக்கு உரிமையில்லை. இதற்கு நேர்மாறாகவும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அமிர்திப் பக்கம் போனபோது எங்களில் ஒரு தம்பி ஊழிய வைராக்கியத்தில் நாலு பேர் பையை வாங்கி மாட்டிக்கொண்டான். மதியத்துக்குள் அவனையே இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. மற்றவன் மூட்டையை எல்லாம் சுமப்பது ஊழியம் ஆகிவிடாது.

ஆனால் கொப்புளம் உடைந்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால், அந்த நிமிஷம் மூட்டை பாரோஸ் ஆகிவிட்டது. இனி அது அவளுடையது மட்டும் கிடையாது. எது மூட்டை, எது அமுக்குகிற பாரம் என்று தெரிய வேண்டுமென்றால், பக்கத்தில் யாராவது நடந்துகொண்டிருக்க வேண்டும். இருநூறு அடி முன்னால் பாடிக்கொண்டு போகிறவருக்கு அது தெரியாது. கடன், குடிக்கிற கணவன், பரீட்சையில் தோற்ற பையன் என்று சபைக்கு வருகிறவர்கள் தூக்கி வருவதும் இப்படித்தான். ஒரு வாரம் மூட்டையாக இருந்தது அடுத்த வாரம் ஆளை அமுக்கிவிடும்.

வார்டு_சிஸ்டர்
திங்கள், மதியம் 2.30

நான் நர்ஸ். தொழுநோய்ப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள். இந்த இழையைப் பார்த்ததிலிருந்து எழுத வேண்டும் என்று கை பரபரக்கிறது.

வேலூர்க்காரர்களுக்கு டாக்டர் பால் பிராண்ட் பேர் தெரிந்திருக்கும். 1914இல் கொல்லிமலையில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்று அதுவரை பொதுவாக நம்பினார்கள். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதுதான் காரணம் என்று அவரும் அவரோடு இருந்தவர்களும் காட்டினார்கள். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், ஆணி குத்தின காலோடு நாள் முழுக்க நடப்பார்கள். காயம் பெரிதாகி விரல் போகும். வலி ஒரு கொடை என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இங்கே பிறந்த அனுபவம்.

கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்து அனுப்பும்போது ஒரு பழக்கமும் சேர்த்துச் சொல்லித்தருவோம். தினமும் சாயங்காலம் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியவில்லை என்றால் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி இருக்கிற கையாலோ, வீட்டில் ஒருவர் கையாலோ தடவிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் புண் வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாகும். மற்ற இடத்தைவிட ஒரு இடம் சூடாகத் தெரிந்தால் அன்றைக்கு நடையைக் குறைத்துவிடு, அவ்வளவுதான் மருந்து.

கொப்புளமும் அப்படித்தான். வெடிப்பதற்கு அரைமணி முன்பே குதிகால் சூடாகும். அந்தத் தங்கைக்கு வலி தெரிந்திருக்கிறது, அவளுடைய நரம்பு நன்றாகத்தான் வேலை செய்தது. கூட்டத்துக்குத்தான் தெரியவில்லை. "ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும்" என்று பவுல் எழுதியதைப் பெரும்பாலும் கட்டளைபோல வாசிக்கிறோம். நான் அதை உடம்பு நன்றாக இருப்பதற்கு அடையாளமாக வாசிக்கிறேன். ஒரு சபையில் யாரோ மூன்று மாதமாக வரவில்லை, ஒருவருக்கும் அது உறைக்கவில்லை என்றால், அங்கே எங்கோ நரம்பு செத்திருக்கிறது.

இங்கே ஒரு வார்த்தை. 'குஷ்டம் பிடித்த சபை' என்று பிரசங்கத்தில் வசையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தன் பாதத்தைத் தினமும் அவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற மனிதர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர்களிடம் கற்றுக்கொண்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

காட்பாடி_வாலிபன்
திங்கள், இரவு 8.05

சிஸ்டர், அழுதுவிட்டேன். நேர்வழி அண்ணா, நீங்கள் எனக்கு ஆறுதலாகத்தான் எழுதினீர்கள் என்று தெரியும். ஆனால் அவள் ஏன் சொல்லவில்லை என்று அவளிடமே கேட்டேன். "நீங்க எல்லாம் சந்தோஷமா பாடிட்டுப் போனீங்கண்ணா, நான் சொன்னா நிக்கணும்" என்றாள். அவ்வளவுதான் காரணம்.

லைன்_சூப்பர்வைசர்_அக்கா
திங்கள், இரவு 9.30

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கிறேன். அளவு தப்பின ஷூ குதிகாலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைப்பற்றி எழுத வரவில்லை, இறக்கத்தைப்பற்றி எழுத வந்தேன்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும், காய்ந்த புல்லில் கால் வழுக்கும், சுண்டுவிரல் ஷூ முனையில் போய் இடிக்கும். நான் போன மூன்று மலை நடையிலும் யாருக்காவது அடிபட்டது என்றால் இறங்கும்போதுதான். உச்சியைப் பார்த்தாகிவிட்டது, இனி என்ன என்று மனசு தளர்ந்துவிடும், கண்ணும் பாதையை விட்டுவிடும்.

மத்தேயு 17 எனக்கு அதனால் ரொம்பப் பிடிக்கும். பேதுரு மேலேயே மூன்று கூடாரம் போடலாம் என்கிறான். ஆண்டவர் கீழே இறங்கிப் போகிறார். கீழே நோயாளிப் பையன், தவிக்கிற தகப்பன், ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிற சீஷர்கள். மலையில் ஒளிவீசின அதே முகத்தோடு அந்தக் கூட்டத்துக்குள் போகிறார்.

ரிட்ரீட் முடிந்து வருகிற திங்கள்கிழமையை நான் பயத்தோடு எதிர்பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மலையில் கை உயர்த்திக் கண்ணீர் விட்டவள், திங்கள் காலை பத்து மணிக்குத் தையல் லைனில் ஒரு பொண்ணு பீஸ் கெடுத்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, கை மட்டும் மிஷினை விடவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, மலையிலிருந்து உடம்பு மட்டும்தான் இறங்கி வந்திருக்கிறது. இப்போது எந்தக் கூடுகை முடிந்தாலும் இறங்குகிற வழியில் யாரிடமும் பேசாமல், நாளைக்கு என் லைனில் உட்காரப் போகிற 28 பேரையும் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஜெபிக்கிறேன். வேன் ஜோலார்பேட்டையைத் தொடுவதற்குள் முடிந்துவிடும்.

நெறியாளர்
செவ்வாய், காலை 7.00

விவாதம் நன்றாகப் போகிறது. நடுவில் ஒரு நடைமுறை விஷயம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கப்புறம் வனத்துறை அனுமதி விஷயத்தில் கடுமையாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 2024 அக்டோபரில் மாநில அளவில் 40 நடைபாதைகளை இணையப் பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தார்கள். சபைக் குழுக்கள் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். மாசியிலிருந்து வெயில் காலம் முடியும்வரை நம் மாவட்ட மலைகளில் புல் பொரிந்துகிடக்கும். ஒரு பொறி போதும். ஜெபித்துவிட்டோம் என்பது அனுமதிச்சீட்டு ஆகாது.

சாமைச்சோறு
செவ்வாய், இரவு 8.45

நான் ஜவ்வாது மலைக்காரன். ஜமுனாமரத்தூர் பக்கம். விசுவாசி. இப்போது வேலைக்காக வேலூரில் இருக்கிறேன்.

உங்கள் எல்லார் பதிவையும் வாசித்தேன். நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மலை உங்களுக்குப் பாடசாலை. எங்களுக்கு அது வீடு, வயல். எங்கள் அம்மா சாமை அறுத்து, புளி உலுக்கி, பலாப்பழத்தைத் தலையில் வைத்துச் சந்தைக்கு இறங்கின பாதையில்தான் நீங்கள் பாடம் படிக்க வருகிறீர்கள். வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்கள் பாறையைப் படம் எடுக்கிறார்கள், மேகத்தைப் படம் எடுக்கிறார்கள், வழியில் நிற்கிற ஆளிடம் 'உச்சிக்கு எவ்வளவு தூரம்' என்பதைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. பிஸ்கெட் கவரைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், மாடு அதைத் தின்கிறது. சிலர் மைக் கட்டிப் பாடுகிறார்கள்.

லூக்கா 10இல் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது பணப்பையும் சாமான் பையும் எடுத்துப்போக வேண்டாம் என்கிறார். உங்கள் முன் வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்கிறார். ஏன் அப்படி? போகிற ஊர்க்காரர்களை நம்பித்தான் அவர்கள் சாப்பிட்டாக வேண்டும், அவர்கள் வீட்டில்தான் தங்கியாக வேண்டும். விருந்தாளியாகப் போகிறவன் எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்ப்பான். எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு போகிறவனுக்கு யாரையும் பார்க்கத் தேவையில்லை.

அதே அதிகாரத்தில்தான் சமாரியன் உவமையும் வருகிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற வழி சுமார் 25 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் இறக்கம், பாறையும் வளைவுமாக இருக்கும். அந்த வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் ஆராதனைக்காரர்கள் இரண்டு பேர் விலகிப்போனார்கள். காயத்தைக் கட்டினவன் வேற்றாள். காட்பாடித் தம்பி, உங்கள் கதையில் காயத்தைக் கட்டினது யார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் பேர் கேட்காமல் 200 ரூபாயை நீட்டினீர்கள். கோபத்தில் சொல்லவில்லை, தம்பி. நீங்கள் அதை மறைக்காமல் எழுதினதால்தான் நானும் மனசுவிட்டு எழுதுகிறேன். திரும்பப் போய்ப் பாருங்கள்.

திருப்பத்தூர்_தம்பி
செவ்வாய், இரவு 10.10

சாமைச்சோறு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் 1921இல் தொடங்கியது. சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்று இரண்டு டாக்டர்கள், ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். கதர் உடுத்தி, இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, இங்கேயே தங்கி வைத்தியம் பார்த்தார்கள். பயணம் வந்தவர்கள் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான்.

அப்புறம் காவலூர். ராத்திரி அந்தப் பக்கம் மலையில் நின்று டார்ச்சை அணைத்துப் பாருங்கள். அங்கே வானாய்வகம் வைத்ததே அந்த இருட்டுக்காகத்தான். கண் பழக ஒரு பத்து இருபது நிமிஷம் ஆகும். நான் 8ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அப்போது சும்மா நிற்கத்தான் தோன்றியது.

ஆம்பூர்_வாத்தியார்
புதன், காலை 5.40

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். மலையைப்பற்றியே பேசுகிறோம். எனக்கு விசுவாசம் சொல்லிக்கொடுத்தது மணல்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா பக்கத்து ஊர்களுக்கு ஜெபக்கூட்டத்துக்கு நடந்தே போவார், என்னையும் கூட்டிப்போவார். பாலாற்றைக் குறுக்கே கடக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் அந்த மணலில் நடந்தவர்களுக்குத் தெரியும். செருப்புக்குள் மணல் புகுந்து சுடும், ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். நடு ஆற்றில் எனக்குத் தாகம் தாங்காது, அழுவேன். அப்பா உட்கார்ந்து கையாலே மணலைப் பறிப்பார். முழங்கை ஆழம் போனதும் ஈரம். இன்னும் கொஞ்சம் பறித்தால் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து குழி நிறையும், கலங்கலாக இருக்கும். நான் உடனே குனிவேன். "இரு" என்பார். கொட்டாங்குச்சியால் அந்தத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிவிடுவார். மறுபடியும் ஊறும், மறுபடியும் இறைத்துக் கொட்டுவார். மூன்றாவது தடவை ஊறுகிற தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அதைத்தான் குடிக்கக் கொடுப்பார். அந்தச் சுவையை எழுத எனக்குத் தெரியவில்லை.

எனக்கு நாற்பது வயதில் பெரிய துக்கம் ஒன்று வந்தது. விவரம் வேண்டாம். ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வரும். ஆண்டவரிடம் கண்டபடி பேசியிருக்கிறேன். பேசிவிட்டு, ஐயோ இப்படிப் பேசிவிட்டோமே என்று எழுந்துவிடுவேன். ஒருநாள் இந்த ஊற்று ஞாபகம் வந்தது. முதல் தண்ணீர் கலங்கலாகத்தான் வரும், இறைத்துக் கொட்டு, எழுந்து போகாதே என்று அப்பா சொல்வது போலவே இருந்தது. அன்றையிலிருந்து ஜெபத்தில் கோபம் வந்தால் அதையும் சொல்லிக் கொட்டிவிட்டு உட்கார்ந்தே இருக்கிறேன். சில நாள் மூன்றாவது தண்ணீர் வரும். சில நாள் வராது, அடுத்த நாள் போய்ப் பறிக்க வேண்டும்.

யோபு தன் நண்பர்களைக் காட்டாற்றோடு ஒப்பிடுகிறான், வெயில் வந்ததும் வற்றிப்போகிறார்கள் என்று. 126ஆம் சங்கீதம் அதே காட்டாற்றைத் திருப்பிப்போட்டு, "தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல" எங்கள் சிறையிருப்பைத் திருப்பும் என்று கேட்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடினபோது பாலத்தில் நின்று அந்த வசனத்தை நினைத்தேன். சந்தோஷம் மட்டும் இல்லை, அந்த மழையில் வீடு இடிந்து செத்தவர்களும் உண்டு. ஊரே பாலத்தில் வந்து நின்று தண்ணீரைப் பார்த்தது, பல பிள்ளைகள் தங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

லைன்_சூப்பர்வைசர்_அக்கா
புதன், மதியம் 1.15

ஐயா, வாசித்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். அந்த ஊற்றை இன்றைக்குப் பறிக்க முடியுமா? மணல் அள்ளி அள்ளிப் பல இடத்தில் களிமண் தெரிகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு எத்தனை ஊர்க் கிணற்றைக் கெடுத்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கு நாடு முழுக்க வக்கீல்கள் அதை எடுத்துப் பேசுகிறார்கள்.

நான் தோலில்தான் சாப்பிடுகிறேன், என் பிள்ளைகள் படித்ததும் அதில்தான். அதனால் இதை விரல் நீட்டிச் சொல்லவில்லை. ஆனால் இயற்கையில் ஆண்டவரைப் பார்த்தோம் என்று சாட்சி சொல்லிவிட்டு அந்த இயற்கை கெடும்போது வாய்மூடி இருந்தால், அந்தச் சாட்சியில் எங்கோ ஓட்டை இருக்கிறது. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் இந்த வருஷம் ரிட்ரீட்டுக்குப் பதில் ஆற்றங்கரையில் ஒரு நாள் நடக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். வாத்தியார் ஐயா வந்து எங்கே ஊற்று இருந்தது என்று காட்ட வேண்டும்.

ஆம்பூர்_வாத்தியார்
புதன், மதியம் 3.00

வருகிறேன் அம்மா. முட்டி வலி உண்டு. பின்னால்தான் வருவேன், எனக்காக ஒருவர் கூட நடக்க வேண்டியிருக்கும்.

நேர்வழி
புதன், இரவு 10.50

நான் திங்கட்கிழமை எழுதியதை மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். வேதபாடம் பிரதர் காட்டிய வித்தியாசம் எனக்குத் தெரியாது. நன்றி.

அதைவிட, "நான் சொன்னா நிக்கணும்" என்று அந்தத் தங்கை சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டில் என் மகன் எதையும் என்னிடம் சொல்வதில்லை. தன் காலில் நிற்கப் பழகுகிறான் என்று நானாகவே பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று சாயங்காலம் அவனோடு கோட்டை அகழியைச் சுற்றி நடந்தேன். அவன் நடைக்கு நடந்தேன். முதல் சுற்றில் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் பேசினான். என்ன பேசினான் என்பது எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

காட்பாடி_வாலிபன்
அடுத்த ஞாயிறு, இரவு 8.20

நேற்று போய் வந்தேன். அந்தத் தங்கையும் அவள் அம்மாவும் கூட வந்தார்கள். சபையில் யாருக்கும் சொல்லவில்லை. பையில் ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் வைத்துக்கொண்டோம்.

மங்கலத்தில் விசாரித்தோம். ஆடு மேய்க்கிற அம்மா என்றதும் நாலு பேரைச் சொன்னார்கள். அலைந்து கண்டுபிடிக்க மதியம் ஆகிவிட்டது. வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தங்கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தை ஒன்றும் வரவில்லை. "அம்மா, அன்னைக்கு உங்க பேரக்கூட கேக்காம போயிட்டேன்" என்றேன். பேரைச் சொன்னார். இங்கே எழுத வேண்டாம், அவரிடம் கேட்கவில்லை. உட்காரச் சொன்னார். நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டை வெளியே எடுக்க விடவில்லை. சாமைச்சோறும் கீரையும் போட்டார். சாப்பிட்டோம்.

நீங்கள் கேட்டது சரிதான், பின்னால் நான் வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கை கழுவிவிட்டு வந்து தங்கைக்கு எதிரே உட்கார்ந்து, "எங்க, அந்தக் கால இப்படி நீட்டு" என்றார். அவள் கூச்சப்பட்டாள். அவரே செருப்பைக் கழற்றி, குதிகாலைத் திருப்பி, தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"சூடு இல்ல. ஆறிடுச்சு" என்றார்.

திரும்ப நடந்தபோது தங்கையையும் அவள் அம்மாவையும் முன்னால் விட்டேன். வேன் நிற்கிற இடத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.